அருளம்பலத்தாரின் ஆணி

ஈப்போ வக்கீல் அலுவலகங்களில் அண்மைக் காலமாக ஓர் இனம் பெருகி வருகிறது: யாரும் கேட்காத பரீட்சையை எழுதித் தேறியவர்கள். பட்டம் இல்லாமல் வக்கீல் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. அவருடைய தலைமைக் கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, அந்தத் தொல்லையே இல்லை. எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதே நாற்காலி, அதே மின்விசிறி. பிறகு ஏன் எழுதுகிறார்? எதிர் அலுவலகக் கிராணி எழுதிவிட்டாரே!

வக்கீல் ஜெயபாலனின் கிராணி அருளம்பலத்தாரையே பாருங்கள். லண்டனிலிருந்து தபாலில் பாடம் வரவழைத்து, குழம்பு ஆறுகிறது என்று மனைவி கூப்பிடும்போதெல்லாம் நிர்வாகம் படிப்பதாகப் பதில் சொல்லி, ஒருவழியாகச் 'சட்ட அலுவலக மேனேஜர்' என்று சான்றிதழும் பெற்று, கண்ணாடி போட்டு, கைக்குழந்தையைப் போல அணைத்தபடி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். எங்கே மாட்டுவது? வக்கீலின் பட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டினால் மரியாதையில்லை. தட்டச்சு மேசைக்குப் பின்னால் மாட்டினால் யார் பார்ப்பார்கள்?

வாசலுக்கு நேரே ஒரு நல்ல ஆணி இருந்தது. அதில் சீனர் மளிகைக்கடை நாள்காட்டி தொங்கியது. வழக்குத் தேதிகளில் அருளம்பலத்தார் சிவப்பு வட்டம் போட்டு வைப்பார். காலையில் நுழையும் வக்கீல் அண்ணாந்து பார்ப்பார். வட்டம் இருந்தால் கோர்ட்டு, இல்லாவிட்டால் தேத்தண்ணி. அலுவலகமே அந்த ஆணியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாள்காட்டி அலமாரிக்குள் போனது.

மறுநாள் காலை சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பால்மரம் வெட்டும் நல்லம்மாள் வந்தாள். தோட்டம் கைமாறியதால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவள்மேல் வழக்கு. ஜெயபாலன் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்.

"கிராணி ஐயா, வந்துட்டேங்க."

"கிராணி இல்லை. மேனேஜர். லண்டன் சோதினை பாஸ் பண்ணிட்டன். நேரம் கேளாமல் வாறவை பெஞ்சிலை இருக்க வேணும்."

"மேனேஜரா?" நல்லம்மாள் பின்வாங்கினாள். "எங்கள வெளிய போகச் சொன்னதும் மேனேஜர்தாங்க."

அவளை உட்கார வைத்து, சான்றிதழைக் காட்டி, ஒவ்வொரு பாடமாக விளக்கினார். எதில் அவருக்கு அதிக மதிப்பெண் தெரியுமா? வழக்குத் தேதி தவறாமல் பார்த்துக்கொள்வதில். படிப்பாளி பேசும்போது குறுக்கே பேசலாமா என்று அவளும் தலையாட்டிக் கேட்டாள். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோதுதான் வாய் திறந்தாள்.

"கோர்ட்டுக்கு எப்பங்க போலாம்?"

"எந்தக் கோர்ட்டு?"

அலமாரியைத் திறந்தார். அன்றைய தேதியில் வட்டம், அவர் போட்டதே, சிவப்பாக இருந்தது. தேத்தண்ணிக் கடையிலிருந்து வக்கீல் ஓடினார். அதற்குள் கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராததால், வீட்டைக் காலி செய்ய உத்தரவும் போட்டுவிட்டார்கள். வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறது. முடிவு தெரியும்வரை நல்லம்மாள் சட்டிபானையைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

அருளம்பலத்தார் பாடம் கற்றாரா? கற்றார். மேற்படிப்புக்கு லண்டனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அதற்கும் ஓர் ஆணி வேண்டியிருக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்ததும் ஒரு தடவை உங்கள் கூடத்துச் சுவரைப் பாருங்கள். மாலை போட்டிருக்கிறதே, சங்கத்தில் கொடுத்த பாராட்டுப் பத்திரம், அந்த ஆணியில் முன்பு என்ன தொங்கியது?