பன் பாஸ், மேடம் பெயில்

அரசாங்கம் தன்னை நம்புவதைவிட அதிகமாக அரசாங்கத்தை நம்பிய ஒரே மனுஷி எங்கள் சர்க்குலர் மேடம்தான். ஒரு விஷயம் காகிதத்தில் இல்லையென்றால் அது உலகத்திலேயே இல்லை என்பது அவருடைய கொள்கை. அலுவலகத்தில் அவர் சூப்பிரண்டெண்ட். நான் அவருக்குக் கீழே பதினோரு வருஷம் கிளார்க். ஒருநாள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே போய் லீவு கேட்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா அடிக்குதுங்க தம்பி. இருந்தாலும் நீங்க எழுதிக் குடுத்தாத்தான் அது காய்ச்சல்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். நடுக்கத்தில் ஒரு 'ச்' விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்த வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பிழையைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் முதலில் பேனாவை எடுப்பார், அப்புறம்தான் வாழ்த்துவார். சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும், ஆயரிடம் அவர் சொன்ன வசன எண் தப்பு என்று துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டு வந்தவர்.

ரிட்டயர் ஆனபிறகு போத்தனூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்கே குடிவந்தார். தனி ஆள். கூட ஒரு நாட்டு நாய். பேக்கரி வாசலில் கிடைத்ததால் அதன் பெயர் பன். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். குரைப்பதில் அதற்கு அக்கறை இல்லை. அதற்கும் மேடம் இரண்டு ஃபைல் வைத்திருந்தார். ஒன்றில் 'பன் – பொது', இன்னொன்றில் 'பன் – மருத்துவம்'.

என் அண்ணன் கிணத்துக்கடவில் தேங்காய் வியாபாரி. நாலு தோப்பு தள்ளி நிற்கிற ஆளையும் செல்போன் இல்லாமலே கூப்பிடுகிற தொண்டை. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். வண்டிச் சத்தம் கேட்டதும் பன் காம்பவுண்டைத் தாண்டி வந்து அவர் பாதத்தின்மேல் படுத்துக்கொள்ளும்.

அந்த அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் தடம் மாறிவிட்டது. நினைப்பது ஒரு சொல், வாயில் வருவது வேறு சொல். தாகம் எடுத்தால் "சேர்" என்பார். "சேர் இல்லீங்ணா, தண்ணி" என்று நான் திருத்துவேன். அண்ணி திருத்துவார், பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் திருத்துவார்கள். ஒரு வாரத்தில் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். கோவையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். இரண்டு மாதம் ஒரு சொல் இல்லை. பயிற்சி கொடுக்கிற பெண் "கையை நீட்டுங்க ஐயா" என்றால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பார்க்க வந்த மேடம் அண்ணனின் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "நாளைக்கு எங்க பன்னைக் கூட்டிட்டு வாரேனுங்க. அதைப் பார்த்தா இவரு தெளிஞ்சுருவாரு" என்றார்.

"வீட்டு நாயை எல்லாம் உள்ள விட முடியாதுங்க மேடம். நோயாளிங்களுக்குத் தெம்பு குடுக்கற தெரபி நாய்னு எங்கயாச்சும் எழுதி வாங்கிட்டு வந்தீங்கன்னா பெரிய டாக்டர்கிட்டக் கேட்டுப் பாக்கலாம்."

வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். மேடம் முகத்தில் வெளிச்சம் வந்தது. எழுதி வாங்குவது என்பது அவருக்குத் திருவிழா.

'வீட்டு நாயை அதிகாரப்பூர்வ தெரபி நாயாக அங்கீகரிக்கக் கோருதல் – தொடர்பாக' என்று தலைப்பிட்டு நாலு அலுவலகங்களுக்கு மனுப் போட்டார். நாலிலிருந்தும் மரியாதையாக மறுத்துப் பதில் வந்தது. அப்படி ஒரு சான்று கொடுக்கும் வேலை தங்களுடையது இல்லை என்றார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. மேடம் ஒரு கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "பாருங்க தம்பி, எவ்வளவு அழகா மறுத்திருக்காங்க. ஒரு பிழை இல்லை" என்றார்.

கடைசியில் பன்னுக்கு ஊசி போடுகிற கால்நடை டாக்டர்தான் வழி சொன்னார். "கவர்மெண்ட்ல இதுக்குன்னு சான்று இருக்கறதா எனக்குத் தெரியலீங்க. நம்மூர்ல ஒரு தன்னார்வக் குழு இருக்குது. நாயோட குணத்தைச் சோதிச்சு எழுதிக் குடுப்பாங்க. அப்புறம் உள்ள விடறது அந்த மையத்தோட இஷ்டம். வீட்டு நாயா இருந்தா என்னங்க, சாது நாயா இருக்கோணும், அவ்வளவுதான்."

"சீல் வச்சுக் குடுப்பாங்களாங்க?"

"வைப்பாங்க."

"அது போதுமுங்க."

சோதனைக்கு நானும் போனேன். பன்னுக்குப் பின்னால் ஒரு சில்வர் தட்டைத் தடாலென்று போட்டார்கள். அது கொட்டாவி விட்டது. சக்கர நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் காதைப் பிடித்து இழுத்தார்கள். மடிந்த காதையும் நீட்டிக் கொடுத்தது. கண்ணெதிரே ஒரு சிக்கன் பஃப்ஸை வைத்தபோது பேக்கரியில் பிறந்த ரத்தம் கொஞ்சம் துடித்தது உண்மை. ஆனால் எச்சில் ஒழுகியதே தவிர, வாய் வைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிறகு ஒரு பெண் நோயாளி மாதிரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் பன்னைப் பக்கத்தில் கூட்டிப்போனார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றார் அந்தப் பெண், சோர்ந்த குரலில்.

"புதன்கிழமைங்க."

"எனக்கு எழுபது வயசு ஆச்சு."

"முப்பதுக்கு மேல மதிக்க முடியாதுங்களே அம்மணி" என்ற மேடம், அந்தப் பெண் மடியிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்து, "அதுல 'நடத்தை'க்கு ஐகாரம் விட்டுப்போச்சுங்க" என்றார்.

முடிவு எழுத்தில் வந்தது. நாய்: தேர்ச்சி. கையாள்பவர்: தேர்ச்சி இல்லை. காரணம்: நோயாளியைப் பேச விடுவதில்லை, திருத்திக்கொண்டே இருக்கிறார்.

துறைத் தேர்வு ஒன்றில்கூடத் தோற்காத மனுஷி. மேல்முறையீடு பத்துப் பக்கம் வரும் என்று நினைத்தேன். அவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க தம்பி" என்றார்.

மறுதேர்வு ஒரு மாதம் கழித்து. தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் மேடத்துக்குத் திருத்தாமல் கேட்கும் பயிற்சி. என் மனைவிதான் பரீட்சை அதிகாரி. அந்தப் பதவியில் அவள் கருணையே காட்டவில்லை.

"ஏனுங்க மேடம், பொள்ளாச்சி பஸ் காந்திபுரத்துல இருந்துதானுங்க கிளம்புது?"

உக்கடம் என்கிற சொல் மேடத்தின் தொண்டைவரை வந்து திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். "அப்படீங்களா" என்றார்.

"மாசாணியம்மன் கோயில் ஊட்டியில இருக்குதாமா."

மேடம் சேலை முந்தானையைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டார். நெற்றி வியர்த்தது. "போயிட்டு வாங்க அம்மணி, நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஐந்து நிமிஷம் கழித்து, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அவர் பன்னிடம் சொல்வது கேட்டது: "ஆனைமலைடா கண்ணு, ஆனைமலை."

மறுதேர்வில் இரண்டு பேரும் பாஸ். சீல் வைத்த தாளும், பன் கழுத்துக்கு ஓர் அட்டையும் வந்தன. மையத்தின் பெரிய டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, புதன்கிழமை காலையில் அரைமணி நேரம் அனுமதித்தார்.

அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பன் நேராகப் போய் அவர் பாதத்தின்மேல் படுத்தது. அண்ணன் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்த வலது கை, மாதக்கணக்காக யார் கெஞ்சியும் அசையாத கை, மடியிலிருந்து மெல்ல நழுவிக் கீழே இறங்கியது. பயிற்சிப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் பன்னின் மடிந்த காதைத் தொட்டன.

"பூனை" என்றார் அண்ணன்.

பழக்க தோஷத்தில் எனக்கு வாய் திறந்துவிட்டது. மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமாங்க" என்றார் அண்ணனிடம். "உங்களைப் பாக்கத்தான் வந்துச்சுங்க."

"நல்ல பூனை."

"ரொம்ப நல்லதுங்க."

அரைமணி நேரமும் அண்ணன் பேசினார். பாதி தப்புத் தப்பாக. மேடம் அத்தனைக்கும் தலையாட்டினார். அவர் கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் யாரும் அண்ணனைத் திருத்துவதில்லை. இப்போது கோலூன்றி வாசல்வரை நடக்கிறார். புதன்கிழமைகளில் பன்னுக்காக இன்னும் ஆறு பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள். மேடம் வந்தால் பெரிய டாக்டரே எழுந்து நிற்கிறார்.

அந்த முதல் புதன்கிழமை நாங்கள் கிளம்பும்போது, வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதென்று வாட்ச்மேன் கூப்பிட்டார். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டம். மேடம் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "ஒண்ணும் இல்லீங்களே தம்பி, என்னத்தை எழுதறது?" என்றார்.

அண்ணனையும் என்னையும்விட மூத்தவர் மேடம். பேனாவை வாங்கி, 'அக்கா' என்று எழுதினேன்.