டிரைவருக்குப் போட்ட பொன்னாடை

நான் பத்திரிகையாளராக இருந்திருக்கிறேன். மக்கள் தொடர்பு வேலை பார்த்திருக்கிறேன். சமூக சேவையும் செய்திருக்கிறேன். கேட்பதற்கு ரிட்டயர் ஆன பெரிய மனுஷி மாதிரி இருக்கும். மூன்றையும் ஒரே சமயத்தில், ஒரே சுடிதாரில் பார்த்தேன். மூன்றும் ஒரே மத்தியானத்தில் போய்விட்டன. படிப்பு பத்தாவது, அதிலும் கணக்கில் பெயில்.

ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் காண்டிராக்ட்டில் இருந்தேன். அசெம்பிளி லைனில் நின்றவளை, "பொண்ணு நல்லா பேசுது" என்று ஆபீசுக்கு இழுத்து, மக்கள் தொடர்பு உதவியாளர் ஆக்கினார்கள். (வேலை என்னவென்றால், கம்பெனியின் பெரிய சார் பிறந்த நாளுக்குக் கவிதை எழுதுவது. அதில் 'சிகரம்' கட்டாயம் வர வேண்டும்.) லீவு நாளில் ஒரு யூடியூப் சேனலுக்கு நிருபர். சம்பளம் கிடையாது, மைக் கொடுத்தார்கள். மிச்ச நேரத்தில் ஒரு டிரஸ்டில் சேவை.

கம்பெனி அந்த டிரஸ்ட் மூலமாகப் பிள்ளைப்பாக்கத்தில் இலவச மூக்குக் கண்ணாடி வழங்கும் விழா வைத்தது. ஆள் சேர்ப்பது டிரஸ்ட், அதாவது நான். சாருக்குப் பேச்சு எழுதுவது கம்பெனி, அதுவும் நான். லைவ் போடுவது சேனல், வேறு யார்? என்னை நானே பேட்டி எடுக்காததுதான் பாக்கி.

எச்.ஆர். மேடம் காலையிலேயே கூப்பிட்டார். "ரம்யா, இன்னைக்கு நல்லா போச்சுன்னா உன்ன பர்மனென்ட் பண்ண சார்கிட்ட பேசறேன்."

பர்மனென்ட். எங்கள் பக்கம் பிள்ளை வரம் கேட்பவர்களைவிட இதைக் கேட்பவர்கள்தான் ஜாஸ்தி. வல்லக்கோட்டை முருகனே காண்டிராக்ட்டில்தான் இருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம், அந்த வரம் கிடைக்க அவ்வளவு இழுக்கும்.

விழா ஆரம்பிக்கப் போகும்போது பார்த்தால், கைதட்ட மகளிர் குழு அக்காக்கள் இருக்கிறார்கள், கண்ணாடி வாங்க ஆளில்லை. பெரியவர்கள் எல்லோரும் கட்சிக் கூட்டத்துக்கு வேனில் ஏறிவிட்டார்கள். அங்கே பிரியாணி. இங்கே டீ, பிஸ்கட். பார்வை சரியில்லாதவர்களுக்கும் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடி அப்பாவை எழுப்பினேன். வல்லம் வடகாலில் ஒரு குடோனுக்கு நைட் வாட்ச்மேன் அவர். அப்போதுதான் படுத்திருந்தார்.

"எனக்கு எதுக்கு பாப்பா கண்ணாடி? கண்ணு நல்லாத்தான கீது."

"வந்து ஒக்காருப்பா. வாங்கி மாட்டிக்கினு 'நல்லா தெரியுது'ன்னு சொல்லு. சாருக்கு ஒரு பொன்னாட போடு, அவ்ளோதான். இன்னா ஆனாலும் கண்ணாடிய கழட்டாத. போட்டோ எடுப்பாங்க."

"பொய் சொல்லணுமா?"

"சேவைப்பா."

எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார். இவ்வளவு சொல்லிக்கொடுத்த நான், என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் சொல்ல மறந்தேன்.

சார் கண்ணாடியை மாட்டிவிட்டார். (அளவாவது ஒன்றாவது. எல்லாம் ஒரே பவரில் மொத்தமாக வாங்கியது.) நான் லைவை ஆன் செய்து மைக்கை நீட்டினேன்.

"ஐயா வணக்கம். உங்க பேர் சொல்லுங்க."

அப்பா மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, எங்கிட்டயே பேர் கேக்கற?"

கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தேன். "பெரியவர் என்னைத் தன் மகள் மாதிரி நினைக்கிறார் நேயர்களே."

"மாதிரி இன்னா மாதிரி? ஆஸ்பத்திரிலேர்ந்து உன்ன தூக்கினு வந்ததே நாந்தான்."

அக்காக்கள் சிரித்தார்கள். லைவில் என் சித்தி கமென்ட் போட்டாள்: "மாமாவ தலைய சீவ சொல்லுடி." பேச்சை மாற்ற அவசரமாக அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"கண்ணாடி போட்டதும் எப்படி இருக்குங்க ஐயா?"

"ஒண்ணியும் தெரியல. முன்ன தெரிஞ்சதும் போச்சு."

மேடம் வேகமாகக் கண்ணால் ஜாடை காட்டினார். பொன்னாடையை அப்பா கையில் திணித்தேன். அங்கே ஒரு சிக்கல். எங்கள் கம்பெனியில் பெரிய சாரும் ஆபரேட்டர் மாதிரியே சாம்பல் கலர் யூனிபார்ம்தான் போடுவார். எல்லோரும் சமமாம். (சம்பளத்தைத் தவிர.) பக்கத்தில் சாரின் தண்ணீர் பாட்டிலோடு நின்ற அவருடைய டிரைவரோ வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. கண்ணாடி மாட்டிவிட்டவரை யாரோ ஆபரேட்டர் என்று நினைத்த அப்பாவுக்கு, அந்தக் கண்ணாடியில் வெள்ளை மட்டும்தான் தெரிந்ததாம்.

சார் கழுத்தைக் குனித்து நின்றார். அப்பா அவரைத் தாண்டிப்போய், டிரைவருக்குப் பொன்னாடை போர்த்திக் கும்பிட்டார்.

டிரைவர் பதறினார். "பெரிப்பா, நான் டிரைவரு. சாரு அவரு."

"இருக்கட்டும்பா. நீ இட்டாந்தாதான அவரு வருவாரு."

அதுவரை மேடம் கை காட்டிய போதெல்லாம் தட்டிய அக்காக்கள், யாரும் கேட்காமலே தட்டினார்கள். சாரின் கழுத்து கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தது, ஒருவேளை இன்னொரு பொன்னாடை வரும் என்று.

மேடம் என்னைக் கார் பக்கம் கூட்டிப் போனார். "அவர் உன் அப்பாவா?"

"ஆமா மேடம்."

"அவருக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?"

"இப்ப நீங்க கொடுத்த கண்ணாடிலதான் மேடம் தெரியாம போச்சு."

நாளைக்கு வர வேண்டாம் என்றார். டிரஸ்ட் தலைவர், "சேவைல குடும்பத்த கலக்காதம்மா" என்று என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். (அவர் மனைவி பொருளாளர், மச்சான் செயலாளர்.) சேனல்காரர் போனில், "லைவ் சூப்பரா ஓடுது, ஆனா கம்பெனி விளம்பரம் போயிடும்" என்று மைக்கைத் திருப்பிக் கேட்டார்.

அப்பாவின் டிவிஎஸ் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். நான்தான் ஓட்டினேன்.

"பர்மனென்ட் ஆயிடுமா பாப்பா?"

"நல்லா ஆயிடும்."

"நான் கண்ணாடிய கழட்டவே இல்ல, பாத்தியா" என்றார், பெருமையாக. திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே இன்னும் மாட்டிக்கொண்டிருந்தார். கத்த வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் புது வேலைக்குக் கிளம்பினாலும் அம்மா, "யாரு சாரு, யாரு டிரைவருன்னு மொதல்ல கேட்டுக்கோ" என்றுதான் அனுப்புவாள்.

அப்பா இந்த மாசியில் போய்விட்டார். டூட்டியிலேயே நெஞ்சுவலி. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோ தேடினால் ஆதார் படத்தைத் தவிர ஒன்றும் இல்லை, அதில் அவர் யாரோ மாதிரி இருக்கிறார். கடைசியில் அந்த லைவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையோ தேடுகிற மாதிரி ஒரு பார்வை. துக்கத்துக்கு வந்தவர்கள் பேனரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் உள்ளே வந்து அழுதார்கள். சித்திக்கு ஒப்பாரி நடுவில் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும்தான்.

காரியம் முடிந்தும் பேனரை அவிழ்க்க எங்களுக்கு மனசு வரவில்லை. மெயின் ரோட்டு வளைவில் நிற்கிறது. கம்பெனி வண்டிகள் எல்லாம் அந்த வழிதான். மாலையோடு சாவுக்கு வந்திருந்த அந்த டிரைவர் அண்ணன் போன வாரம் போன் செய்தார். வேகத்தடை இல்லாத இடம், ஆனாலும் தினமும் அங்கே வண்டியை ஸ்லோ பண்ணுகிறாராம்.

"பின்னாடி சாரு இன்னாண்ணா பண்றாரு?" என்று கேட்டேன்.

"போனப் பாத்துக்கினு குனிஞ்சிக்கறாரும்மா."