துரைசானி வீட்டுச் சித்திரத் திரையைச் சிரைத்த கதை

வேலை தெரியாதவர்களிடம் எனக்குப் பயமில்லை. பாதி தெரிந்தவர்களைக் கண்டால்தான் நடுக்கம். ரங்கூனில், லான்மடாவ் பக்கம் ஒரு ராவுத்தரின் திரைச்சீலைக் கடையில் சேர்ந்தபோது நான் அந்த ரகம்தான்.

தேக்கு வியாபாரி துரை ஒருவர் இறந்து, அவர் மனைவி பங்களாவில் தனியாக இருந்தார். கூடத்துச் சுவர் முழுக்க ஒரு சித்திரத் திரை. விக்டோரியா ராணி காலத்து ஓவியர் ஒருவர் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துத் தறியிலேயே நெய்தது; பூக்களுக்கு நடுவே வலது கையால் யாழ் வாசிக்கும் இரண்டு தேவதைகள். மழையில் பூசணம் பிடித்திருந்தது. வெயிலில் காயவைத்து, மாலை விருந்துக்குள் மாட்டச் சொல்லி ராவுத்தர் என்னை அனுப்பினார்.

காயவைக்கும்போது புரட்டினேன். முன்பக்கம் வெளிறிய சாம்பல் நிறம். பின்பக்கமோ மயில்கழுத்து நீலம்! இத்தனை வருஷம் தப்பாக மாட்டியிருக்கிறார்கள் என்று தீர்ப்பளித்துவிட்டேன். (நீதிபதிக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.) அந்தப் பக்கம் கற்றை கற்றையாக நூல் தொங்கியது. நெய்தவன் சோம்பேறி என்று திட்டிக்கொண்டே கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கி, நீலப் பக்கம் வெளியே தெரிய மாட்டியும் விட்டேன்.

மாலையில் வந்த ராவுத்தர் தரையில் கிடந்த நூலைப் பார்த்தார்.

"காயவைக்கச் சொன்னா சிரைச்சு வச்சிருக்கியேடா! நெசவையே பிடிச்சு வச்ச நூலுடா அது! உன்னை நாளைக்கே கப்பலேத்துறேன்!"

அதற்குள் துரைசானி இறங்கி வந்தார். சென்னையில் இருந்தவர்; அவருக்கென்று ஒரு தமிழ் உண்டு. திரையருகே போய் அந்த நீலத்தைத் தடவினார்.

"இது கல்யாணம் நாள் நீலம். துரை வாங்கிக் குடுத்துச்சு. வெயில் எல்லாம் தின்னுது. நான் மறந்துபோச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராவுத்தர், இந்த ஆள் அனுப்பாதே. இன்னிக்கு இப்படி இருக்கட்டும். நாளைக்கு இவன் வந்து சரி பண்ணும்."

அன்றைய விருந்தில், தேவதைகள் இருவரும் இடது கையால் யாழ் வாசித்தார்கள்.

மறுநாள் துரைசானி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நறுக்கிய நூல்களை ஊசியால் பிடித்து, திரையைப் பழையபடி திருப்பி, பின்புறம் உள்துணி தைத்தேன். ஒரு மூலையை மட்டும் தைக்காமல் பொத்தான் வைத்தேன், அவர் நினைத்தபோது திறந்து அந்த நீலத்தைப் பார்க்க. அது நானாகச் செய்தது. அந்தப் பொத்தானைப் பற்றி அவர் எல்லாப் பங்களாக்காரர்களிடமும் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வேலை வந்தது. இன்று நான் சாப்பிடும் சோறு அந்த அம்மாள் என்னைத் திட்டாமல் விட்டதால் வந்தது.

என் மனைவி மட்டும் விடுவதில்லை. நான் வெளியே கிளம்பினால் பிள்ளைகள் எதிரிலேயே கேட்பாள்: "நில்லுங்க, எது முன்பக்கம்னு பார்த்தீங்களா?"

வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே சட்டையைத் தடவிப் பார்ப்பேன். (போன வாரம் திருப்பித்தான் போட்டிருந்தேன்.)