கேமராவுக்காகக் காத்திருந்த காது

ஒரு பொருளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு வாங்குகிறவனை விவரமானவன் என்பார்கள். எல்லாம் தெரிந்துகொண்டே இருந்து, வாங்காமலே இருக்கிறவனுக்கு என்ன பெயர்? என் மனைவி செல்வி ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அதை அச்சில் போட முடியாது.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன் (படிப்புதான் என்னை விட்டது என்றும் ஊரில் ஒரு கருத்து உண்டு). அன்று முதல் இன்று வரை பருமன், நிறம், வெடிப்பு என்று காய்காயாகப் பார்த்துப் பிரிக்கிறேன். இந்தப் புத்தி கடையோடு நின்றிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. செருப்பு வாங்கப் போனாலும் கூடவே வருகிறது. ஒரு தடவை சந்தையில் கத்தரிக்காயை நான் புரட்டிய புரட்டில் அந்த அம்மா, "ஏண்ணே, கொழம்புக்கா, கண்காட்சிக்கா?" என்று கேட்டுவிட்டார்.

கூச்சமும் எனக்கு அதிகம். கல்யாண வீட்டில் யாராவது "நல்லா இருக்கீகளா?" என்று கேட்டால், பதில் யோசிப்பதற்குள் அவர் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். அப்படி ஒரு கல்யாணத்தில் தூணோரம் நின்றபோதுதான் அதைக் கவனித்தேன். கேமரா வைத்திருப்பவரை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை! மணமேடை வரை போகிறார், வருகிறார், பெரிய மனிதர்களையே "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறார். மறைந்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. கேமரா ஆசை வந்த கதை இவ்வளவுதான். கலை ஆர்வம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கோம்பையில் இருக்கும் என் தங்கை ஈஸ்வரிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. யாழினி என்று பெயர். குலதெய்வத்துக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை. பதினோராம் மாதம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவு செய்தார்கள். ஈஸ்வரிக்கு ஒரே ஓர் ஆசை. காது குத்தும்போது பிள்ளையின் முகம் தெளிவாக விழ ஒரு படம் எடுத்து, பெரிதாக மாட்ட வேண்டும். எட்டு வருஷம் விசாரித்தவர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். உத்தமபாளையத்தில் ஒரு போட்டோக்காரரிடம் பேசியும் வைத்திருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"போட்டோக்காரன் எதுக்குத்தா? நான் கேமரா வாங்கப் போறேன். என் மருமகளை நானே எடுக்குறேன்."

"நெசமாவாண்ணே?"

"நெசமா."

அன்று மாலையே அவள் போட்டோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுவாரம் தேனிக்குப் போனேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கேமராக் கடை. பிடித்த மாதிரி ஒன்று இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். பணமும் பையில் இருந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் எனக்கு எப்போதும் ஆபத்து.

"எடுத்துக்கங்கண்ணே, அருமையான சரக்கு. இதோட அடுத்தது வரப்போகுதுங்கிறாக. ஆனா இதுவே போதும்."

'ஆனா'வுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அன்று தொடங்கியது ஆராய்ச்சி. செல்போனில் வெள்ளைக்காரர்கள் கேமராவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் வீடியோக்கள் இருக்கின்றன. எனக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனால் முகம் புரியும். புருவத்தைத் தூக்கினால் நிறை, உதட்டைப் பிதுக்கினால் குறை. தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் கோடு போட்டு, இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் வரப்போவது என்று எழுதினேன். வரப்போவதை அந்த வெள்ளைக்காரர்களே பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ அதில் ஒரு குறைகூட இல்லை.

முதலாளியிடம் ஆலோசனை கேட்டேன். அவர் கிடங்கு நிறைய ஏலக்காயை வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறவர். "பொறு. அவசரப்பட்டு வித்தவனும் கெட்டான், வாங்குனவனும் கெட்டான்" என்றார். (அந்த வருஷம் அவர் பொறுத்த பொறுப்பில் சரக்கு பச்சை மங்கி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஏலக்காய்தானே மங்கும், கேமரா கறுப்பு, மங்க என்ன இருக்கிறது என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.)

பதினோராம் மாதம் நெருங்கியது. அடுத்த மாடல் வரவில்லை. ஈஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"ஒரே ஒரு மாசம் தள்ளி வையித்தா. அதுக்குள்ள வந்துரும்."

"ஒரு மாசம்னா பன்னெண்டாம் மாசமாயிரும்ணே. ரெட்டப்படையில குத்த மாட்டாகள்ல?"

நான் தொலைந்தது இங்கேதான். எங்கள் பக்கம் ஒற்றைப்படையில்தான் காது குத்துவார்கள். ஒன்பதாம் மாதம், பதினோராம் மாதம், விட்டால் பிள்ளைக்கு மூன்றாவது வருஷம் நடக்கும்போது. இது தெரியாதவன் இல்லை நான். தெரிந்தும், "மூணாவது வருசம்னா ரொம்ப நல்லதுத்தா, பிள்ளைக்கு விவரம் தெரியும், படத்துல சிரிக்கும்" என்றேன். காது குத்தும்போது சிரிக்கிற பிள்ளையை யார் எங்கே பார்த்திருக்கிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று தள்ளிவைத்தாள்.

பிறகு அவள் பட்ட பாடு எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மாமியார் வீட்டில் தினமும் கேட்டிருக்கிறார்கள். இவள் என்னை விட்டுக்கொடுக்காமல், "எங்கண்ணன் வெளிநாட்டுல இருந்து கேமரா வரவழைக்குறாக" என்று சொல்லியிருக்கிறாள். கோம்பையில் அந்தக் கேமரா கப்பலில் ஏறியது, கொச்சியில் இறங்கியது, குமுளிச் சோதனைச் சாவடியில் நிற்கிறது என்று செய்தி நாளுக்கு நாள் முன்னேறியது.

நானோ மாதம் ஒரு தடவை தேனிக்குப் போய், பழைய மாடலைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, புதியது எப்போது வரும் என்று கேட்டுத் திரும்பினேன். முதல் மூன்று தடவை கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். ஆறாவது தடவை, "அண்ணே, நீங்க தடவித் தடவியே அதுல எழுத்து அழிஞ்சிரும்போல" என்றார். அதன் பிறகு என் தலையைக் கண்டாலே, நான் வாய் திறக்கும் முன்பு, "வரலண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வீட்டில் செல்வி ஒரு நாள் தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, என்னையக் கட்டும்போது மட்டும் அடுத்தது வரும்னு பொறுக்காமக் கட்டுனீகளே, அது எப்படி?"

அப்போது செல்போனில் வீடியோ வராது என்பதுதான் உண்மையான பதில். நான் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுத இன்று இருக்கிறேன்.

யாழினிக்கு மூன்றாவது வருஷம் பிறந்தது. வைகாசியில் நாள் குறித்தார்கள். விசேஷத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கடைக்காரரே போன் செய்தார். "வந்துருச்சுண்ணே! சாமி சத்தியமா வந்துருச்சு!" யாழினி பிறந்தபோதுகூட யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லவில்லை.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"பழசு மனுசக் கண்ணை மட்டும் தேடிப் பிடிக்கும்ணே. இது ஆடு, மாடு, நாயி கண்ணையும் பிடிக்கும். எந்தக் கண்ணுன்னு நீங்க மாத்தி வச்சுக்கணும். பிடிச்ச கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கும், மத்ததெல்லாம் மங்கிரும்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

காது குத்துக்கு மாட்டின் கண் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டியவன், "அப்பாடா, நல்லவேளை பழசை வாங்கல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் நாள் மாலையே குடும்பத்தோடு கோம்பைக்குப் போய்விட்டோம். மாப்பிள்ளை பரமன், அதாவது ஈஸ்வரியின் கணவர், ராசா என்று, அந்த ஊர்ப் பெயரையே கொண்ட இனத்தில், ஒரு கோம்பை நாய் வளர்த்தார். செவலை நிறம், கறுத்த மூஞ்சி. யாழினியை விட்டு ஓர் அடி நகராது. மாட்டின் கண்ணுக்கு எங்கே போவது என்று ராசாவை வைத்தே புது வசதியைச் சோதித்தேன். திரையில் ஒரு பச்சைக் கட்டம் ஓடிப்போய் அதன் கண்ணில் உட்கார்ந்தது. நாய் தலையைத் திருப்பினால் கட்டமும் திரும்பியது. ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்துப் பேர் நடுவில் கூச்சமில்லாமல் நின்றேன்.

மறுநாள் காலை மலையடிவாரக் கோயில். மைக்செட்காரரிடம் சொல்லி ஓர் அறிவிப்பும் கொடுக்க வைத்தேன்: "செல்போன் வெளிச்சம் கேமராவில் விழும் என்பதால் உறவினர்கள் யாரும் செல்போனில் படம் எடுக்க வேண்டாம்." எங்கள் சொந்தக்காரர்கள் எந்த அறிவிப்புக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. அன்றைக்கு மட்டும் அத்தனை பேரும் செல்போனை எடுத்துப் பைக்குள் வைத்தார்கள். அவ்வளவு நம்பிக்கை.

மொட்டை முடிந்தது, சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்தார். நான் நல்ல கோணம் பார்த்து ஒரு கல் மேல் ஏறி நின்றேன்.

"தாய்மாமன் வாங்கப்பா, நேரமாகுது" என்றார் பூசாரி.

நானும் கூட்டத்தோடு சேர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தேன். தாய்மாமனைத் தேடினேன்.

"ஏலே, யாரைத் தேடுற? நீதானப்பா தாய்மாமன்!" என்று எங்கள் பெரியப்பா கத்தினார்.

பதினாறு மாதம். நாற்பதுக்கு மேல் காலண்டர் தாள். லென்ஸ், வெளிச்சம், வேகம், எடை என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டவன், காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய ஆள் நானே என்பதை ஒரு தாளில்கூட எழுதவில்லை. செல்வியைப் பார்த்தேன். "படம் எடுக்க வேற ஆள் சொல்லிருப்பீகன்னு நெனச்சேன்" என்றாள். ஈஸ்வரி கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு வழியில்லாமல் பரமன் கையில் கேமராவைக் கொடுத்தேன்.

"மாப்ள, ஒண்ணையும் மாத்தாதீக. எதையும் யோசிக்காதீக. பச்சைக் கட்டம் கண்ணுல நின்னா அமுக்குங்க, அவ்வளவுதான்."

மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாழினியை மடியில் வைத்தார்கள். பதினோராம் மாதத்தில் குத்தியிருந்தால் கைக்குள் அடங்கியிருப்பாள். காத்திருந்ததில் பிள்ளையும் அடுத்த மாடலாகிவிட்டாள். காலில் உதை, வாயில் பல். ஊசியைக் கண்டதும் என் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறினாள். அந்த அலறலில் ராசா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி, முகத்தில் ஏதோ கறுப்பாக வைத்துக்கொண்டு நிற்கும் மனிதனை முறைத்தபடி, அசையாமல் உட்கார்ந்துகொண்டது. வளர்த்தவரையே அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"மாப்ள, கட்டம் நிக்குதா?" என்று வலியோடு கத்தினேன்.

"கண்ணுலயே நிக்குது மச்சான்! ஆணி அடிச்ச மாதிரி நிக்குது!"

"அமுக்குங்க!"

அறுபத்து மூன்று தடவை அமுக்கினார்.

பந்தி முடிந்து எல்லாரும் சுற்றி நிற்க, திரையில் படங்களைப் போட்டேன். முதல் படத்தில் ராசா. கண்ணில் மலை தெரிந்தது, மீசை முடியை எண்ணலாம். அதற்குப் பின்னால், பனியில் நனைந்த பூசணிக்காய் மாதிரி மஞ்சளாக ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று. இரண்டாவது படத்திலும் அதுவே. அறுபத்து மூன்றும் அதுவே. முதல் நாள் நாய்க் கண்ணுக்கு வைத்ததை நான் மனுசக் கண்ணுக்கு மாற்றவே இல்லை.

"நாயி குறுக்க உக்காந்திருக்கே மாப்ள, பார்க்கலையா?"

"பார்த்தேன் மச்சான். நீங்கதான் யோசிக்காதீகன்னீக."

பெரியப்பா மெதுவாக, "இன்னொரு தடவ வேணா குத்திப் பார்ப்பமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஈஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. போன் செய்தால் ராசா குரைப்பது மட்டும் கேட்கும்.

அவளைச் சிரிக்க வைத்தது நான் இல்லை. மாமியார் வழி உறவு ஒருவர் ஆடிப் பதினெட்டுக்கு வீட்டுக்கு வந்து, சுவரில் இருந்த படத்தை (காது குத்தின படம் வேறு இல்லாததால் அதையே பெரிதாக்கி மாட்டியிருந்தாள்) நெடுநேரம் பார்த்துவிட்டு, "நாயிக்குக்கூடக் காது குத்துவீகளா?" என்று கேட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்து எனக்குப் போன் போட்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை, குடும்பத்துக்கே ஒரு கதை கிடைத்த சந்தோஷம். இன்றுவரை எங்கள் வீட்டில் வருஷக் கணக்கே, "ராசாவுக்குக் காது குத்துன வருசம்" என்றுதான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பரமன் இப்போது நாய்க்குட்டி வளர்த்து விற்கிறார். "இவ்வளவு அருமையா எடுத்த படத்தை வீணாக்கலாமா மச்சான்?" என்று, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் வைத்துவிட்டார். 'கோம்பை நாய்க்குட்டிகள் கிடைக்கும்.' முன்னால் ராசா. பின்னால் மாலையோடு மங்கலாக நான்.

போன மாதம் யாழினியைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் வந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வண்டி நிறுத்தத்தில் நின்றதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பக்கத்து இருக்கை அம்மாளிடம் சத்தமாகச் சொன்னாள்.

"அங்கன பாருங்க, நாயிக்குப் பின்னாடி வெள்ளையா இருக்குல்ல, அது எங்க மாமா. இந்தா இவுகதான். மடியில மஞ்சளா இருக்கது நான். எனக்குக் காது குத்துறாக."

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யாழினியின் காதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்:

"குட்டி இன்னும் இருக்காப்பா?"

மாப்பிள்ளையின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு குட்டி விற்றது.