இறாலுக்குத் தண்ணி காட்டிய விவரம்

அன்பும் மரியாதையும் கொண்ட டாக்டர் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. நான், நர்ஸக்கா, சின்ன டாக்டர் மூவரும் சுகம். மீன் தொட்டியில் இருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் உங்கள் குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இன்று காலை கிளினிக்கைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளை மீசை. தொட்டி மணலில் ஆடாமல் கிடந்தது. அதன் மறுமுனையில் புது இறால், மல்லாந்து.

நடந்ததை மறைக்கவில்லை அத்தை. ஊருக்குக் கிளம்பும்போது படியில் நின்று, "புதுசா வர்றதுங்கள அப்படியே உள்ள கொட்டிடாதடி. ஒரு மணி நேரம் தண்ணி காட்டிட்டு விடு. படிப்பைத்தான் பாதியில விட்ட, இதையாவது முடி. நான் வரும்போது எல்லாம் உயிரோட இருந்தா தொட்டி இனிமே உன் பொறுப்பு. இல்லைன்னா உங்கப்பா சொல்ற மாதிரி வீட்லயே இரு" என்றீர்கள். எப்படிக் காட்டுவது என்று கேட்க வாய் வரவில்லை. நேற்று கடைக்காரர் இரண்டு மீன், பாசி தின்னும் நத்தை ஐந்து, ஒரு இறால் என்று மூன்று பைகளை வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பையாகத் தூக்கி, கண்ணாடிக்கு எதிரே பிடித்து, தொட்டித் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நின்றேன். நத்தைக்குக் கண் எந்தப் பக்கம் என்று தெரியாததால் அந்தப் பையை மட்டும் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். "யாருக்குடி ஊரைச் சுத்திக் காட்டுற?" என்றார் நர்ஸக்கா. கை கடுத்தாலும் இறக்கவில்லை, ஒரு மணி நேரம் ஆகவில்லையே.

அப்போதுதான் பல் பிடுங்கி, பாதி வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார். "சொத்து! சொத்து!" என்றார்.

"சொத்தைதான் சார், அதான் பிடுங்கியாச்சே" என்று நர்ஸக்கா உட்கார வைத்தார்.

"சொத்துச் சொத்தா!"

"சொத்தெல்லாம் வீட்ல பத்திரமா இருக்கும். பேசாம பஞ்சைக் கடிங்க."

கடைசியில் அவர் மருந்துச்சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினார்: 'சொட்டுச் சொட்டாக.' பையை முதலில் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும், மெல்லிய குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்க வேண்டுமாம். அதுதான் தண்ணி காட்டுவதாம். சின்ன டாக்டரிடம் புது சலைன் குழாய் வாங்கி அப்படியே செய்தேன். தொட்டி விளக்கை அணைத்து, ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். நம் பழைய மஞ்சள் மீன், குடிவந்தவர்களை விசாரிக்கும் வீட்டுக்காரர்போல ஒவ்வொருவர் பின்னாலும் போய் மோதப் பார்த்தது. மல்லாந்து விழுந்த நத்தைகளை நிமிர்த்தி வைத்தேன். இறால் தயங்கித் தயங்கி இறங்கியது. அதன் நிலைமை எனக்குப் புரிந்தது.

நான் வீணாக்கிய அந்த ஒரு மணி நேரம்தான் அதைக் கொன்றிருக்கும். கரண்டியால் எடுத்து, பல்செட் டப்பாவில் வைத்திருக்கிறேன். ஊதினால் பறக்கும்போல இருந்தது. பயத்தில் ஒரே ராத்திரியில் அவ்வளவு இளைத்திருக்கிறது பாவம்.

பொறுப்பு எனக்கு வேண்டாம் அத்தை. டப்பாவையும் தொட்டி அலமாரிச் சாவியையும் இதன் மேலேயே வைத்துவிட்டேன். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் பயணமும் மிச்சமிருக்கும் எட்டு உயிர்களும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

வணக்கத்துடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கடைசியாக ஒரு தடவை தொட்டியைப் பார்க்கப் போனேன். மஞ்சள் மீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் பல்லிடுக்கில் தலையை விட்டு, உங்களைப் போலவே கவனமாக, இறால் சுத்தம் செய்துகொண்டிருந்தது. ஓடி வந்து டப்பாவைத் திறந்தேன். உள்ளே சதையே இல்லை, வெறும் ஓடு. சட்டை உரித்துப் போட்டிருக்கிறது. நான் அதற்கு ஒரு மணி நேரம்தான் தண்ணி காட்டினேன். அது எனக்குக் காலையிலிருந்து காட்டியிருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டேன். ஒரு நத்தை மறுபடி மல்லாந்து கிடந்தது. போய் நிமிர்த்தி வைத்தேன்.