கம்பியை நெய்த ஏகாம்பரமும் கோட்டா நைனாவும்

திருப்பதியில் என் வீட்டுக்குப் பின்புறம் ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. காலைக் காபி ஆறுவதற்குள் அந்தச் சத்தம் தொடங்கிவிடும். கட்டுக்கம்பியைக் கொக்கியில் மாட்டி முறுக்கும் சத்தம். கிர்ரிக், கிர்ரிக். இரும்பில் செய்த பல்லி ஒன்று ஊருக்கெல்லாம் பலன் சொல்வதுபோல இருக்கும். முறுக்குகிறவர்கள் பீகாரிலிருந்து வந்தவர்கள். இந்தியில் பாடுகிறார்கள், இந்தியில் திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கிர்ரிக்குக்கு நடுவே நான் முன்பு இருந்த நகரி ஊரின் விசைத்தறி இரைச்சல் கேட்கிறது. இரைச்சலையும் மீறி ஒரு குரல் கேட்கிறது. "ஏய் பூத்து! சிங்கப்பூர்லேர்ந்து பேக்ஸ் வந்துச்சா?"

லைசென்ஸும் கோட்டாவும் ஒழிந்தன என்று டெல்லியில் அறிவித்தார்களே, அந்த வருஷங்கள். அவர்கள் தூக்கி எறிந்த கோட்டாவை மொத்தமாகப் பொறுக்கியெடுத்து, நகரிக்குக் கொண்டுவந்து, ஒற்றை ஆளாக ராஜ்ஜியம் நடத்தியவர் கோட்டா நைனா. தேசத்தில் கடைசியாக மிஞ்சிய அந்த ராஜ்ஜியத்தின் தலைநகரம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த என் எஸ்.டி.டி. பூத். சிம்மாசனம், வாசலில் கிடந்த மரபெஞ்சு.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. நகரியில் யாரும் யாரையும் நைனா என்று கூப்பிடலாம். அப்பனையும் அப்படித்தான், மகனையும் அப்படித்தான். ஆனால் கோட்டா நைனா ஒருவர்தான். அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூத் வைத்திருந்ததால் நான் பூத்து.

திருப்பதியில் சத்திரங்கள் வரிசையாக எழும்பிய காலத்தில் கம்பி கட்டும் மேஸ்திரியாக இருந்தவர். முதுகு குனிய மறுக்கத் தொடங்கியதும் சிங்கப்பூர்க் கட்டடக் கம்பெனி ஒன்றுக்கு மெட்ராஸ் ஏஜெண்டு வழியாக ஆள் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். சிங்கப்பூரை அவர் பார்த்ததில்லை. "என் வயசுக்கு அங்க கோட்டா கெடியாது" என்பார், மழை பெய்யவில்லை என்கிற மாதிரி.

கோட்டா என்றால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அந்த ஊர்ல ஒரு கம்பெனி நெனச்ச மாதிரி வெளியூர் ஆளைக் கூட்டிகினு போவ முடியாது பூத்து. உள்ளூர் ஆளு இத்தினி பேரு கீறானா, அப்போ வெளியூர் ஆளு இத்தினி பேரு. அதுக்குள்ள கொத்தனாரு தனி, ஆசாரி தனி, கம்பி கட்டறவன் தனி. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பர்மிட்டு. எடம் ரொம்பிப்போச்சுன்னா தேவேந்திரனே கொத்தனாரா வந்தாலும் வெளியதான் நிக்கணும்."

"தேவேந்திரனுக்குக் கம்பி கட்டத் தெரிஞ்சா?"

"அப்போ பாக்கலாம்" என்றார், சிரிக்காமல்.

இவ்வளவு அழகான சட்டத்தைச் சிங்கப்பூர் மட்டும் அனுபவிப்பது அநியாயம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டீக்கடையில் பக்கத்தில் இருப்பவர் மூன்றாவது டீ சொன்னால், "உன் கோட்டா முடிஞ்சுது" என்று கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். பந்தி மேற்பார்வையைத் தெரியாத்தனமாக இவரிடம் ஒப்படைத்தார்கள். பெண் வீட்டார் இரண்டு பேருக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்று பந்தியில் உட்காரவைத்தார். மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன் கையில் இலையோடு நிற்கிறார். "சாரே, பெண் வீட்டுல இன்னும் ரெண்டு பேரைத் தேடிகினு வாங்க, உடனே எடம் தரேன்." தாய்மாமன் தேடிக்கொண்டு போனாரே, அதுதான் ஆச்சரியம்.

வீட்டில் மட்டும் இந்த ஆட்சி செல்லுபடியாகவில்லை. "இந்த மாசச் சண்டை முடிஞ்சுபோச்சு, அடுத்த மாசத்துல சேத்துக்கோ" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "அப்போ இந்த மாசச் சோறும் முடிஞ்சுபோச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்று முழுக்க என் பெஞ்சில் உட்கார்ந்து பொரி துன்னார்.

பேக்ஸ் வரும்போது அவரைப் பார்க்கவேண்டும். இயந்திரம் முனக ஆரம்பித்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். தாள் சூடாகச் சுருண்டு வெளியே வரும். கல்லிலிருந்து எடுத்த தோசையை ஊதுவதுபோல ஊதி, என்னிடம் நீட்டி, கண்ணை மூடிக்கொள்வார். "படி பூத்து."

அப்படி ஒரு நாள் படித்தேன். கொத்தனார் இடம் நிரம்பிவிட்டது. ஆசாரி இடமும் நிரம்பிவிட்டது. கம்பி கட்டுகிறவர்களுக்கு மட்டும் எட்டுப் பர்மிட். இரண்டு மாதத்தில் திருப்பதியில் தேர்வு. இடம் காலியாகக் கிடந்தால் அடுத்த முறை குறைத்துவிடுவார்கள்.

நகரியில் கம்பி கட்டத் தெரிந்தவனெல்லாம் ஏற்கெனவே போய்விட்டான். மிச்சம் இருந்தவர்கள் பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கூலிக்காரர்கள் ஏழு பேர், எட்டாவதாக ஏகாம்பரம் என்கிற நெசவாளி. விசைத்தறி வந்ததிலிருந்து அவன் கைத்தறிச் சேலைக்குக் கேட்பார் இல்லை.

நைனா அசரவில்லை. பூத்துக்கு எதிர்வீட்டு மொட்டைமாடி கான்கிரீட் போடாமல், கம்பிகள் பரப்பியபடி நின்றிருந்தது. அதுதான் பள்ளிக்கூடம். எட்டுப் பேரும் வெயிலில் குனிந்து நின்று கட்டுவார்கள். சாயங்காலம் நைனா எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்வார். மறுநாள் மறுபடியும். வீட்டுக்காரர் முதலில் இலவச வேலை என்று பூரித்தார். பிறகு தினம் கீழே நின்று கெஞ்சினார்.

"நைனா, சிமெண்டு மூட்டை இறுகுதுய்யா. ஊத்த வுடு நைனா."

"பசங்க பாஸாவட்டும். உன் வூடு எங்கயும் ஓடிப்போவாது."

ஏகாம்பரம் நன்றாகக் கட்டினான். அது அவனுக்கே தலைக்கேறிவிட்டது. போவது உறுதி என்று ஊரெல்லாம் சொல்லி, தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வழியனுப்பு விருந்து துன்னு முடித்தான். அதோடு நின்றிருக்கலாம். தறியைப் பிரித்து மச்சானிடம் கொடுத்துவிட்டான். உட்கார்ந்து கால் தொங்கவிட்டு மிதிக்கிற தறிக்குழியை மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசி, அதன்மேல் டிவி வைக்க இடம் குறித்துவிட்டான்.

"தேறலேன்னா இன்னாடா பண்ணுவே?" என்று நைனா கேட்டார்.

"அதான் நைனா மூடினேன். திரும்பி வர எடம் இருந்தா, திரும்பி வரத் தோணும்."

அவன் மனைவி அமுலு அன்று என் பூத் வாசலில் நின்று சொன்னது நினைவிருக்கிறது. "இந்த ஆளு பாஸாவலேன்னா நான் மூணு வேளையும் அந்த சிமெண்டையே பாத்துகினு குந்தணும் அண்ணா."

தேர்வு, திருப்பதியில் ஒரு லாட்ஜின் கொல்லைப்புறத்தில். பேக்ஸ் தாள்களைப் படித்துச் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டு போனார் நைனா. தேர்வு செய்ய வந்த அதிகாரி வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தெலுங்கு. ஒவ்வொருவருக்கும் மெல்லிய கம்பிகள் ஒரு கட்டு, கட்டுக்கம்பி ஒரு சுருள். குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிக் கட்டிக் காட்டவேண்டும்.

பிச்சாட்டூர் ஏழும் வெயிலில் நின்று கட்டின. கிர்ரிக், கிர்ரிக். ஏகாம்பரத்துக்கு வேப்பமர நிழல் வாய்த்தது. நிழலைப் பார்த்ததும் உட்கார்ந்தான்.

முதல் கம்பியை நீளவாக்கில் வைத்தவன் குறுக்குக் கம்பியை எடுத்தான். மேலே ஒன்று விட்டான், கீழே ஒன்று நுழைத்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று. கம்பி வளைய மறுத்தது. முழங்காலால் அமுக்கி வளைத்தான். அடுத்த கம்பி கீழே ஒன்று, மேலே ஒன்று. கட்டுக்கம்பிச் சுருள் பிரிக்காமலே பக்கத்தில் கிடந்தது. அதிகாரி வந்து நின்றபோது அங்கே இரும்பில் ஒரு முந்தானை உருவாகிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏமய்யா, இல்லு கடுதுன்னாவா, சாப அல்லுதுன்னாவா?"

வீடு கட்டுகிறாயா, பாய் முடைகிறாயா என்கிறார். ஏழு பேரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் தன் கையைப் பார்த்தான். யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்ட கையைப் பார்ப்பது போல இருந்தது. அதிகாரி பேனாவை எடுத்து அவன் பெயரை அடிக்கப் போனார்.

"சார் காரு, ஒக்க நிமிஷம்!" நைனா பாய்ந்து வந்தார். துண்டு இடுப்பில் இறங்கியிருந்தது. "மனுஷனாப் பொறந்தா தப்பு பண்றதுக்கும் ஒரு கோட்டா கீது சார். இவன் மொத்தத்தையும் இப்பவே காலி பண்ட்டான். இனிமே ஆயுசுக்கும் இவங்கிட்ட தப்பே வராது. இந்த மாதிரி ஆளு உங்களுக்கு எங்க கெடைக்கும்?"

அதிகாரிக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ, சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வருவதாகவும், வந்ததும் இன்னொரு முறை பார்ப்பதாகவும் சொல்லிப் போனார்.

நாங்கள் சாப்பிடப் போகவில்லை. "மாடியில ஒயுங்காத்தானேடா கட்டினே?" என்றார் நைனா.

"தெர்ல நைனா. கை தானா போயிடுச்சு."

"இன்னொரு தபா செஞ்சு காட்டு."

மறுபடி நிழலில் உட்கார்ந்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. நைனா கையைப் பார்க்கவில்லை. சட்டென்று என் தோளைப் பிடித்து அழுத்தினார். "பூத்து, அவன் காலைப் பாரு."

ஒவ்வொரு கம்பிக்கும் ஏகாம்பரத்தின் வலதுகால் மண்ணை ஒரு மிதி மிதித்தது. அடுத்த கம்பிக்கு இடதுகால். அங்கே இல்லாத தறியின் மிதிகட்டையை அந்தக் கால்கள் அவ்வளவு ஒழுங்காக மிதித்துக்கொண்டிருந்தன.

"அடப்பாவி. குந்தினா நீ தறிக்குப் போயிடற!"

ஏகாம்பரம் குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு மெதுவாக, "குழியை மூடிட்டேன் நைனா. காலுக்கு அது தெரிலயே" என்றான்.

நைனா அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிழலிலிருந்து வெயிலுக்குத் தள்ளினார். "நில்லு. கால் வலிச்சா வலிக்கட்டும். உசுரே போனாலும் குந்தாத."

அதிகாரி வந்தார். ஏகாம்பரம் குனிந்து நின்று கட்டினான். கிர்ரிக். நைனா திருமலை இருக்கும் திசைக்குத் திரும்பி நின்றுகொண்டார். ஒரு கண் பெருமாள்மேல், ஒரு கண் ஏகாம்பரத்தின் முட்டிமேல். கடைசி வரிசை வந்தபோது அவன் முட்டி லேசாக மடங்கியது. உடம்பு கீழே இறங்கப் பார்த்தது.

"எழுந்துகோ!"

நைனா போட்ட அந்தச் சத்தத்தில், தரிசனத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து, லாட்ஜ் வராந்தாவில் படுத்திருந்த மொட்டைத் தலைகளெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வரிசையில் நின்றன. அதிகாரியும் காரணம் தெரியாமல் விறைப்பாக நின்றார். ஏகாம்பரம் நிமிர்ந்தான். மிச்சத்தைக் கட்டினான். அதிகாரி கம்பிகளை ஷூ காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"சாலு, சாலு. பாஸ்."

எதிர்வீட்டுக்காரர் மறுநாளே கான்கிரீட் ஊற்றினார், நைனா மனசு மாறுவதற்குள்.

எட்டுப் பேரும் புறப்பட்ட நாளன்று நகரி ஸ்டேஷனே கொள்ளவில்லை. பிளாட்பாரத்திலும் நைனா சட்டத்தை விடவில்லை. பெற்றவளுக்கு இரண்டு அழுகை, கட்டினவளுக்கு இரண்டு, மச்சானுக்கு ஒன்று, விருந்து போட்டவர்களுக்கு மூக்கு உறிஞ்ச மட்டும் அனுமதி. "பசங்க கண்ணு கலங்கிப் போவக்கூடாது. வண்டி வர்றதுக்குள்ள முடிச்சுக்கங்க."

மெட்ராஸ் வண்டி வந்தது. ஏகாம்பரம் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தான். அமுலு ஒரு சொட்டு அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவள் திரும்பி நைனாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தூசி விழுந்துவிட்டதாக யாரிடமோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நைனா, என்னோட ரெண்டையும் நீயே எடுத்துக்கோ" என்றாள். "எனக்கு வோணாம். உனக்குத்தான் பத்தாது போல கீது."

பிளாட்பாரமே சிரித்தது. வண்டி நகர்ந்தது. முதுகு குனிய மறுத்த அந்த மனிதர் துண்டை வீசிவிட்டு ஜன்னலோடு ஓட ஆரம்பித்தார். எத்தனையோ பேரை இதே பிளாட்பாரத்தில் ஏற்றிவிட்டு, வண்டி நகர்வதற்குள் அடுத்த பேக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்தான். பிளாட்பாரம் தீரும் இடத்தில் மூச்சு வாங்க நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"ஏகாம்பரம்! போய்ச் சேந்துட்டேன்னு ஒரு போன் போடுடா நைனா! எத்தினி மணியானாலும் பரவால்ல, நான் பூத்துலயே குந்திகினு கீறேன்!"