குடோன் அண்ணாச்சி எழுதிய மாற்றங்கள்

சந்தேகப்படுவதை ஒரு உத்தியோகமாக வைத்தால், சங்கரன்கோவில் குடோன் அண்ணாச்சிதான் இந்த உலகத்துக்கே பெரிய அதிகாரி. சொந்தத் தங்கச்சி கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் சாம்பாரைச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து பார்த்தவர் என்று ஆபீசில் பேச்சு. நான் நம்புகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜவுளிக்கடை மாடியில், பதினோரு பேர் வேலை பார்த்த சாஃப்ட்வேர் ஆபீஸ் எங்களுடையது. லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சாஃப்ட்வேர் பொட்டலத்தை, அதாவது பேக்கேஜை, ஒரு கட்டளை தட்டினால் நெட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் செய்கிறது. அண்ணாச்சி விடமாட்டார். மூலையில் கிடந்த பழைய சர்வரில் எங்களுக்கென்று தனி ரெப்போசிட்டரி, அதாவது பேக்கேஜ் கிடங்கு, வைத்தார். அவர் பிரித்து, சோதித்து, தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்ட பேக்கேஜ்தான் அதில் ஏறும். அங்கிருந்துதான் நாங்கள் எடுக்க வேண்டும். குடோன் என்ற பெயர் அப்படி வந்தது.

ஒருநாள் முதலாளியே பென் டிரைவோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அவசரம். இத ஏத்திவிடுங்க."

"கையெழுத்து எங்க?"

"நான் மொதலாளி அண்ணாச்சி!"

"அது நீங்க சொல்லுதீய. பேக்கேஜ் சொல்லலியே."

அன்றைக்கு வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய டெமோ ஊத்திக்கொண்டது. அண்ணாச்சி நிம்மதியாகக் காராச்சேவு தின்றுகொண்டிருந்தார்.

பேக்கேஜ் ஒவ்வொன்றிலும், என்ன மாறியிருக்கிறது என்று குறிப்பு எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். அண்ணாச்சியும் எழுதுவார்: "பிழை ஒன்று திருத்தப்பட்டது. மேலநீலிதநல்லூர் பக்கம் நல்ல மழை. புளியங்குடி பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டேதான் வந்தேன்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மாறினத எழுதுங்கன்னா, ஊர்க்கதய எழுதி வச்சிருக்கீய?"

"நேத்து மழ பெய்யல, இன்னைக்கிப் பெய்யுது. மாறிருக்கா இல்லியா?"

பிறகு அந்த ஆபீசை மூடிவிட்டார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனோம். நான் பெங்களூருக்கு வந்தேன். அண்ணாச்சி சர்வரைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் வைத்து, எங்களுக்காகவே குடோனை நடத்தினார். தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்டேட் தட்டுவேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம், எந்தத் தெருவில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் அண்ணாச்சி குறிப்பில் வந்துவிடும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் ஊரில் கரண்ட் இல்லை என்று அர்த்தம். உடனே அம்மாவுக்குப் போன் போடுவேன்.

"கரண்டு போயிட்டாம்மா?"

"ஏலே, இப்பந்தான போச்சு! அங்கன ஒனக்கு எவம்லே சொன்னான்?"

சிரிப்புத்தான். ஆனால் அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஊர் நினைப்பு தாங்காமல் ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுத நாளும் உண்டு. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த வருஷம் கம்பெனியில் உத்தரவு போட்டார்கள். வெளி ரெப்போசிட்டரி இணைப்பு எதுவும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும். மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராகக் கழன்று, குடோனில் நான் ஒருத்தன்தான் மிச்சம். நானும் போய்விட்டால் அண்ணாச்சி யாருக்கு எழுதுவார்? மனசே வரவில்லை. போன் செய்தேன்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்லேந்து ஒங்க குடோன எடுத்துறச் சொல்லுதாவ, அண்ணாச்சி."

"சரியாத்தானல சொல்லுதான். ஊரு பேரு தெரியாதவன் குடோன்ல சாமான் எடுக்கப்படாது. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னதுதான?"

"நீங்க தெரியாத ஆளா?"

"அவனுக்குத் தெரியாதுல்லா, மக்கா."

நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அப்பம் சர்வர நிப்பாட்டிருவீங்களா?"

"எதுக்குல? அது பாட்டுக்கு ஓடட்டும். என்னைக்காவது எவனாவது வந்து பாப்பான். பூட்டிக் கெடந்தா அவனுக்குச் சங்கடமா இருக்கும்லா?"

அன்று சாயங்காலமே எனக்கென்று ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். அதில் தினமும் காலையில் அப்டேட் என்று ஒரே ஒரு கட்டளை தட்டுவேன். வேறு ஒரு வேலையும் அதற்குக் கிடையாது.